காய்ச்சலும் கூலியும்

(முகப்பேரில், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்திருந்த தம்பதிகளிடையே சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



ஊரில் தொற்றுநோய் பரவினால் குடும்பத்துக்கு இரண்டு கவலை வருகிறது. "நோய் நம்ம வீட்டுக்கும் வந்துடுமோ" என்பது ஒன்று. "நாளைக்கு அடுப்பு எரியணுமே" என்பது இன்னொன்று. கூட்டங்களில் பெரும்பாலும் முதல் கவலையைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். இன்று நான் இரண்டாவது கவலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், பணக் கவலைதான் பல வீடுகளுக்குள் நோயை அழைத்து வருகிறது. பணத்துக்கு ஒரு வழி செய்து வைத்த குடும்பம், நோயைப் பாதி வென்ற குடும்பம்.

இதை 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் நம் பகுதியில் நடந்ததைக் கொண்டே பார்ப்போம்.

கோயம்பேடு தந்த பாடம்

அந்த ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் நின்றன. முகப்பேரில் கட்டட வேலை நின்றது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போன பெண்களை, "இப்ப வரவேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அன்றன்று சம்பாதித்து அன்றன்று உலை வைக்கிற குடும்பங்கள் திகைத்து நின்றன.

பிறகு, ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாலு நாளைக்கு வேண்டிய காய்கறியை ஒரே நாளில் வாங்க ஊரே திரண்டது. கோயம்பேட்டில் கால் வைக்க இடமில்லை. 1996-இல் திறக்கப்பட்ட, 295 ஏக்கர் பரப்புள்ள மார்க்கெட் அது. அவ்வளவு பெரிய இடத்திலும் லாரி ஓட்டி வந்தவர், மூட்டை தூக்குகிறவர், விற்கிறவர், வாங்குகிறவர் எல்லாரும் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும்படி நெருங்கி நின்றார்கள்.

சில நாட்களில் மார்க்கெட்டில் நோய் பரவியிருப்பது தெரிய வந்தது. மே 5-ஆம் தேதி அதை மூடினார்கள். மார்க்கெட்டில் பிழைத்து வந்த கூலித் தொழிலாளர்கள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களுக்கு நோயும் அவர்களோடு போயிற்று. கோயம்பேட்டோடு தொடர்புள்ள நோயாளிகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் 28-ஆம் தேதிதான் அது மறுபடியும் கோயம்பேட்டில் தொடங்கியது.

அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்லலாமா? கூடாது. வேலை இல்லாத ஊரில் வாடகையும் சாப்பாடும் யார் தருவார்கள்? பையில் நாலு நாள் செலவுக்குப் பணம் இருந்திருந்தால், சிலராவது இருந்த இடத்திலேயே இருந்து பரிசோதனை செய்துகொண்டிருப்பார்கள். பணமில்லாமை அவர்களை நடக்க வைத்தது. நோயும் கூடவே நடந்தது.

விடியற்காலைப் பேச்சு

இதே கதை சிறிய அளவில் நம் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. விடியற்காலை. புருஷனுக்குக் காய்ச்சல்.

"என்னங்க, உடம்பு அனலா கொதிக்குது. இன்னிக்கி வேலைக்குப் போவாதீங்க."

"போவலேன்னா அறுநூறு ரூபா யாரு குடுப்பா? ஒரு மாத்திரை குடு. யாருகிட்டயும் சொல்லாத."

மாத்திரை போட்டால் சூடு தணியும், கிருமி போகாது. அவர் பேசும்போதும் இருமும்போதும் மூச்சோடு அது வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். கொரோனா போன்ற நோயில் காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடுகிறது. காய்ச்சலும் தெரிந்த பிறகு பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பண விஷயமாகவே ஒரு கணக்குப் போடுவோம். புருஷனுக்கு நாள் கூலி ரூ.600, மனைவிக்கு ரூ.400 என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் கண்டவர் ஐந்து நாள் வீட்டில் தனியாக இருந்தால் நஷ்டம் ரூ.3,000. மறைத்துக்கொண்டு போனால்? இரண்டு நாள் வேலை செய்து ரூ.1,200 கொண்டு வருவார். மூன்றாம் நாள் விழுந்துவிடுவார். மனைவிக்கும் தொற்றும். இரண்டு பேரும் பத்து நாள் படுத்தால் நஷ்டம் ரூ.10,000. வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள வயதான தாயார் இருந்தால், அந்த நஷ்டத்தை ரூபாயில் சொல்ல முடியாது.

"வேலைக்குப் போனால் லாபம்" என்பது ஒரு நாள் கணக்கு. குடும்பத்துக்கு வேண்டியது பதினைந்து நாள் கணக்கு.

அந்த மூவாயிரம் எங்கே?

"நீங்க சொல்றது சரிதான். அந்த மூவாயிரம் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நோய் வந்த பிறகு அதற்குப் பதில் கிடையாது. நோய் இல்லாத நாளில்தான் பதில் இருக்கிறது.

முதலாவது, காய்ச்சல் பணம். நாளைக்கு 20 ரூபாய் வீதம் எடுத்து வைத்தால் 150 நாளில் ரூ.3,000 சேர்ந்துவிடும். அதைத் தபால் ஆபீசிலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ போட்டு வையுங்கள். திருவிழாவுக்கும் அதைத் தொடாதீர்கள், மதுக்கடைக்கும் தொடாதீர்கள். அது காய்ச்சலுக்கு என்றே வைத்த பணம்.

இரண்டாவது, உங்களுக்கு உரிமையான பணம். அம்பத்தூர், ஆவடி பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மருந்து வாங்க மட்டும்தான் அந்த அட்டை என்று நினைக்கிறார்கள். உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்து, டாக்டர் சான்றிதழும் தந்தால், நோய்க்கால விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்தில் 91 நாள் வரைக்கும் இந்த உதவி உண்டு. கட்டட வேலை செய்கிறவர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்து, காலாகாலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2020-இல் பதிந்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கு அரசு ரூ.1,000 நிவாரணம் தந்தது. பதியாதவர்கள் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை.

அரிசி வாங்கும் ரேஷன் கார்டுக்கு 2020-இல் ரூ.1,000 தந்தார்கள், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கிடைத்தன. 2021-இல் இரண்டு தவணையாக ரூ.4,000 தந்தார்கள். ஆகவே, கல்யாணமான தம்பதிகள் தனிக்குடித்தனம் வந்ததும் கார்டு வாங்கிவிடுங்கள். குழந்தை பிறந்தால் பெயர் சேருங்கள்.

கடன் வாங்கும் முன்

கஷ்ட காலத்தில் வாசலுக்கே வந்து பணம் தருகிறவர் தண்டல்காரர். ரூ.10,000 கடன் என்று சொல்லி ரூ.8,500 கையில் தருவார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். வருடக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். அதோடு, தினம் 100 ரூபாய் கட்டவேண்டும் என்ற பயத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டி வரும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் கூட்டுறவு வங்கியில் நகைக் கடன், குழுவில் உள்கடன் இவற்றைப் பாருங்கள்.

2020-இல் வங்கிக் கடன் தவணையை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பலர் அதைத் தள்ளுபடி என்று எண்ணிவிட்டார்கள். தவணைதான் தள்ளிப்போயிற்று, வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. "தள்ளி வைப்பு" என்ற சொல்லைக் கேட்டால், "வட்டி உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைக்குப் போவது

நோய்க் காலத்தில் கடைக்குக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் போனால் போதும். உடம்பு நன்றாக இருக்கிறவராக, வயதில் இளையவராக இருக்கட்டும். இருவரும் சேர்ந்து ஒரு வாரத்துக்குப் பட்டியல் எழுதுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டமில்லாத வேளையில் போங்கள். ரேஷன் கடையில் டோக்கன் தந்தால் அதில் போட்டிருக்கும் நாளில், நேரத்தில் போங்கள். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். காய்கறியைச் சோப்பில் கழுவ வேண்டாம்; நல்ல தண்ணீரே போதும்.

"கடை மூடிடுவாங்களாம்" என்ற பேச்சைக் கேட்டு ஓடாதீர்கள். எல்லாரும் ஒரே நாளில் ஓடினால் நோயும் ஏறும், விலையும் ஏறும். 2021 மே மாதம் முழு ஊரடங்கின்போது காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. பத்து நாளைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அலைச்சல் இல்லை.

செலவைக் குறைக்கும்போது குறைக்கக் கூடாதவை

கை சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது மனைவியின் சாப்பாடு. கணவன்மாரே, இதைக் கவனியுங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கீரையும் பருப்பும் முட்டையும் மருந்து மாதிரி. கர்ப்பகாலப் பரிசோதனையையும் குழந்தையின் தடுப்பூசியையும் நோய்ப் பயத்தால் தள்ளிப் போடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றுக்குக் காசு கிடையாது. வேலையும் வருமானமும் நிலையில்லாத அந்த மாதங்களில் இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நினைத்தால், மாத்திரையோ நிரோத்தோ கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். கேட்க வெட்கம் எதற்கு? இதுவும் குடும்பக் கணக்கில் சேர்ந்ததுதான்.

காய்ச்சல் கண்டால் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, புத்தித் தடுமாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்று இரவு செய்ய வேண்டியது

கொரோனாவின் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. ஆனால் அடுத்த நோய் சொல்லிவிட்டு வராது. ஆகையால் இன்று இரவு சாப்பாடு முடிந்து குழந்தைகள் தூங்கிய பிறகு, இருவரும் பத்து நிமிடம் உட்காருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் பேசி முடிவு செய்யுங்கள்.

நம்மில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் செலவுக்குப் பணம் எங்கே இருக்கிறது?

கடைக்குப் போவது யார்? நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?

யாருக்கு எவ்வளவு பாக்கி?

இந்த மூன்றாவது கேள்வியில் ஒளிவு மறைவு வேண்டாம். மனைவிக்குத் தெரியாத கடனும், கணவனுக்குத் தெரியாத அடகுச் சீட்டும் நோய் நாளில்தான் வெளியே வரும். அப்போது சண்டை போடத் தெம்பு இருக்காது.

காய்ச்சலை மறைக்காத வீடு, கடனையும் மறைக்காத வீடு. அந்த வீட்டில் விடியற்காலையில் மனைவி, "இன்னிக்கி போவாதீங்க" என்று சொன்னால், கணவன் "சரி" என்று சொல்லிப் படுத்துக்கொள்ள முடியும். அந்த ஒரு "சரி"யில் பக்கத்து வீடும் பிழைக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரும் பிழைப்பார்.

நலமாக வாழுங்கள்.