உயிரணுவின் தற்காப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியப் பேச்சே கேட்டுப் பழகிய இவ்வவையில் விஞ்ஞானம் பேச முன்வந்திருக்கிறேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். நூல்களிற் படித்தறிந்ததையே கூறப்போகிறேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நம் உடல் பல இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆயது. வெப்பமும் வெயிலும் நச்சும் அவற்றை நாள்தோறும் தாக்குகின்றன. அவ்வாறிருந்தும் நாம் வாழ்வது எங்ஙனம்?

இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா என்பவர் பழ ஈயின் புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள், அவற்றை வைத்திருந்த பெட்டியின் வெப்பத்தை எவரோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் நோக்கியபோது, குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்களிலே வீக்கங்கள் தோன்றியிருந்தன. வெப்பம் தாக்கியதும் உயிரணு ஏதோ ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அவ்வீக்கமே அடையாளம். இதனை அவர் 1962-இல் வெளியிட்டார். அங்ஙனம் தயாராகுபவை தனிவகைப் புரதங்கள் என்பதை 1974-இல் டிஸ்ஸியேரும் அவர்தம் துணைவர்களும் கண்டறிந்தனர். பாக்டீரியா முதல் மனிதன் வரை இத்தகைய புரதங்கள் உண்டு.

இவற்றின் பணி யாது? முட்டையின் வெண்கருவைச் சூடாக்கினால் கட்டியாகிவிடுகிறது. ஆறினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெப்பத்தால் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். உயிரணுவினுள் இவ்விபத்து நேராதபடி, குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடித்து வைப்பவை இக்காவற் புரதங்கள். கோடை நடுப்பகலில் தண்டவாளம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்து நடக்கும் கேங்மேனை நம் குழந்தைகளும் அறிவார்கள். உயிரணுவின் கேங்மேன்கள் இவர்களே எனலாம்.

புரதம் கெட்டால் வேறொன்று செய்துகொள்ளலாம். ஆனால், அதனைச் செய்யும் முறை எழுதப்பட்டுள்ள டி.என்.ஏ. என்னும் மூல ஏடே கெட்டால் என் செய்வது? வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அவ்வேட்டின் எழுத்துக்களைப் பிணைத்துக் கெடுக்கிறது. உயிரணுவோ, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியாக நிரப்பிவிடுகிறது. இத்தகைய பழுதுபார்ப்பு முறைகளை விளக்கிய லிண்டால், மோட்ரிச், சான்கார் ஆகிய மூவருக்கு 2015-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

பழுது மிகுந்தால், பி-53 என்னும் புரதம் உயிரணு பெருகுவதைத் தடுத்து நிறுத்துகிறது. சீர்செய்ய இயலாதெனில், அவ்வுயிரணு தானே மடியுமாறு செய்கிறது. ஊர் பிழைக்க ஒருவர் உயிர் கொடுப்பது போன்றது இது!

அன்பர்களே, இக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. இதனைக் கூறவே இங்கு நிற்கிறேன். புகையிலைப் புகையிலுள்ள நச்சொன்று, பி-53 புரதத்தைச் செய்வதற்கான எழுத்துக்களிலேயே சென்று ஒட்டிக்கொள்கிறதென 1996-இல் கண்டறிந்தார்கள். காவற்காரனையே வீழ்த்திவிட்டால் வீட்டின் கதி என்ன? புகைக்காமல் மெல்லுகிறோமே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மெல்லும் புகையிலையும் வாய்ப்புற்று விளைவிப்பதே. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூல் உரைக்கிறது.

தாம்பூலம் நம் மரபாயிற்றே என்று பெரியோர் முகம் சுளிக்கலாம். மங்கலத்திற்குத் தட்டில் வைத்து வழங்குவதை நான் மறுக்கவில்லை. வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்தையே விடச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு விழாப் பந்தலில் புகையிலைப் பொட்டலம் ஒன்றேனும் காணப்படாதிருக்க இச்சங்கம் தீர்மானிக்குமாயின், அதுவே என் பேச்சுக்குக் கிடைத்த பரிசாகும்.

கேளாமலே நம்மைக் காக்கும் உயிரணுவுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு, அதன் சுமையைக் கூட்டாதிருப்பதே.