துரத்தப்பட்டவளின் கிணறு



மறைந்த மூத்த தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்தால் அது நினைவாகாது. அவர் காலத்திலும் நம் காலத்திலும் தீராமல் கிடக்கிற கேள்வி ஒன்றையாவது எடுத்துப் பேசினால்தான் நினைவு. ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். ஊரும் ஒதுக்கி, கோவிலும் ஒதுக்கி, சட்டமும் ஒதுக்கிய மக்கள், கடவுளின் அருள் தங்கள் பக்கம் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

மறையுரைகளில் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. துன்பம் ஆண்டவர் தரும் சோதனை, பொறுத்துக்கொண்டால் மறுமையில் பலன் உண்டு என்பார்கள். நம் பாட்டிமார் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பசியிலும் பிள்ளைகளை வளர்த்தார்கள். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அந்தப் பதில் யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்டாக வேண்டும். ஒதுக்கியவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், ஒதுக்கப்பட்டவர்களிடம் மட்டும் பொறுமை கேட்கிற மறையுரை பாதி மறையுரைதான்.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008இல் அது விழுப்புரம் மாவட்டம். பழைய கத்தோலிக்கப் பங்கு. வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே செபமாலை சொல்கிறவர்கள். ஆனால் கோவிலில் தனி இடம், தனிக் கல்லறை, பிணம் கொண்டுபோகத் தனி வழி என்று தலித் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். தங்கள் குடியிருப்பில் உள்ள சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். அந்த இருவரின் சாவும் நமக்குத் துக்கம்தான். சாதி தன் சொந்தப் பிள்ளைகளையும் தின்னும் என்பதற்கு அவர்களே சாட்சி.

அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் அன்று வாசிப்பதற்குக் குறித்திருந்த நற்செய்தி, இயேசு இலாசரைக் கல்லறையிலிருந்து வெளியே அழைத்த நிகழ்ச்சி. கல்லறையை மூடியிருந்த கல்லை முதலில் அகற்றச் சொன்னார் அவர். அதே ஞாயிறில்தான், எந்தப் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்கிற பகை ஓர் ஊரைக் கொளுத்தியது.

எறையூர் மக்களைப் பார்த்துப் பலர் ஒரு கேள்வி கேட்டார்கள். நல்லெண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. தனிப் பங்கு கேட்பது சாதிப் பிரிவினையை நீங்களே ஒத்துக்கொள்வதாகாதா? கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்றால் பிரிந்து போகலாமா?

இதற்கு விடை தேடும்போது விவிலியத்தில் ஒரு பெண் நம் முன் வந்து நிற்கிறாள். பெயர் ஆகார். எகிப்தியப் பெண், ஆபிரகாம் வீட்டு அடிமை. அவள் கதை தொடக்கநூலில் இரண்டு முறை வருகிறது. 16ஆம் அதிகாரத்தில், கர்ப்பிணியான அவள் எசமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போகிறாள். வானதூதர் அவளைத் திரும்பிப் போய் அடங்கி நடக்கச் சொல்கிறார். நமக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்ட புத்தி இதுதான். ஆனால் அதே இடத்தில் அந்த அடிமைப் பெண் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: தன்னைக் காண்கிற கடவுள். தீண்டினாலும் பார்த்தாலும் தீட்டு என்று சொல்லப்பட்ட மக்களுக்கு இந்தப் பெயரின் எடை தெரியும். நம்மைக் காண்கிற ஒருவர் இருக்கிறார் என்பதே நம் முன்னோர் பெற்ற முதல் அருள்.

கதை அங்கே முடியவில்லை. 21ஆம் அதிகாரத்தில் அவளையும் பிள்ளையையும் கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை நிறையத் தண்ணீரும் கொடுத்து வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மனமில்லாமல் ஒரு புதரடியில் விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்கிறார். இந்தமுறை திரும்பிப் போ என்று சொல்லவில்லை. அவள் கண்களைத் திறக்கிறார். அங்கே ஒரு கிணறு தெரிகிறது.

எறையூரில் நடந்தது ஆகாரின் இரண்டாம் பயணம் என்று நாங்கள் வாசிக்கிறோம். சுவரைக் கட்டியவர்கள் நாம் இல்லை. தாகத்தில் இருந்தவர்கள் ஒரு கிணறு கேட்டார்கள், அவ்வளவுதான். அடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நின்று தங்களுக்கு வேண்டியதைக் கேட்ட அந்தத் துணிவில் அருளைப் பார்க்கிறோம். ஒதுக்குதலை அருள் என்று சொன்னால் அது பொய். ஒதுக்கியவர்களின் கை எட்டாத இடத்திலும் கடவுள் கிணறு வைத்திருக்கிறார் என்று கண்டுகொள்வதுதான் அருள்.

ஆனால் கிணறு பயணத்தின் முடிவு ஆகாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, ‘பரட்டை’ என்று நாம் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஐயா ‘ஓர் உலை’ என்று பேசினார். எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும், அந்தச் சோற்றை எல்லோரும் சேர்ந்து உண்ண வேண்டும். அதுவே அவருக்கு நற்கருணையின் பொருள். தனிப் பங்கு தாகத்துக்குத் தண்ணீர். ஓர் உலைதான் நாம் போய்ச்சேர வேண்டிய இடம்.

சட்டத்தின் கதையையும் மறக்கக் கூடாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி ஆக்காமல் நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. மதத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கோவிலுக்குள் நாம் பறையர். அரசு அலுவலகத்தில் கிறிஸ்தவர். இரண்டு வாசலிலும் நமக்கு எதிரான பெயரையே தேர்ந்தெடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

கடைசியாக, நம்மை நாமே சோதித்துக்கொள்ள ஒரு செய்தி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலி வேலை செய்தவர்கள், அவர்களில் தலித் மக்கள் பலர். அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று நாடெங்கும் பேசினார்கள். நம்மவர்களும் சிலர் பேசினார்கள். பழி கல்வராயன் மலைமேலும் ஏறியது. மெத்தனால் மலையில் விளைவதில்லை, அது ஆலைச் சரக்கு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைவாழ் மலையாளி மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது.

அருள் என்ற சொல்லின் பொருளே தகுதி பார்க்காமல் தருவது. தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் இரங்குவோம் என்றால் அது சாதியின் கணக்கு. அந்தக் கணக்கால் ஆயிரம் ஆண்டு அடிபட்டவர்கள், கருணாபுரத்து விதவையிடம் அதே கணக்கை நீட்டலாமா? பிள்ளையின் குரலைக் கேட்ட கடவுள், அந்தப் பிள்ளை யோக்கியனா என்று விசாரிக்கவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, ஆகார் கிணற்றைக் கண்டதும் முதலில் என்ன செய்தாள்? தோற்பையை நிரப்பிப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அருள் யாரிடம் இருக்கிறது என்று கண்டுகொள்ள இந்த அடையாளம் போதும். நமக்குப் படிப்பு கிடைத்திருக்கிறது, மேடை கிடைத்திருக்கிறது, எழுத்து கிடைத்திருக்கிறது. நம் தோற்பை நிறைந்திருக்கிறது. மலை மேலும் கருணாபுரத்திலும் எறையூரிலும் தாகம் இன்னும் இருக்கிறது. தண்ணீரோடு அங்கே போவோம்.