பாரிசில் டிக்கெட் வாங்கி சாக்கடைக்குள்ள போறாங்க... நம்ம ஊர்ல?

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



பாரிஸ்னா ஈபிள் கோபுரம் தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, சேன் ஆத்தங்கரையில, அல்மா பாலத்துக்கிட்ட ஒரு அருங்காட்சியகம் இருக்கு. டிக்கெட் வாங்கிட்டுப் படியிறங்கினா பாதாளச் சாக்கடை! ஆமா, கழிவுநீர் ஓடுற சாக்கடையேதான். 1867 உலகக் கண்காட்சியப்பவே பொதுமக்களை உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. வியன்னாவிலும் 'தி தேர்ட் மேன்' படம் எடுத்த சாக்கடைக்குள்ள வழிகாட்டியோட சுற்றுலா நடக்குது.

எப்படி முடியுது? பெல்கிராண்ட் என்ற பொறியாளர் பாரிஸ் சாக்கடையை ஆள் நடமாடுற சுரங்கமாகவே கட்டினார். நடுவுல கழிவுநீர், ஓரத்துல நடைபாதை. மேலே இருக்கிற தெருவோட பேரே கீழேயும் பலகையில இருக்கும். ஆத்துல வெள்ளம் ஏறினா பார்வையாளர்களை உள்ளே விடமாட்டாங்க. வேடிக்கை பார்க்க வர்றவங்க உயிருக்கே அங்கே அவ்வளவு மதிப்பு!

நம்ம ஊர்ல? ஒரு ஆள் நுழையிற அளவுக்கு ஒரு குழி. நடைபாதையும் கிடையாது, காத்தும் கிடையாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினா மூக்கே மரத்துப் போகும், நாத்தம் தெரியாது. இறங்கினவர் மயங்கி விழுவார். அவரைக் காப்பாத்த இறங்குறவரும் திரும்பி வரமாட்டார். எந்தச் சாதியில பிறந்தவங்களை இறக்குறாங்கன்னு நான் சொல்லணுமா?

சட்டம் இருக்கு தோழர்களே. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்கினா குற்றம்னு 2013 சட்டம் சொல்லுது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்கணும்னு 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்துல கேரள இளைஞர்கள் அடைப்பு எடுக்க 'பேண்டிகூட்' ரோபோவே செஞ்சுட்டாங்க. சட்டமும் இருக்கு, இயந்திரமும் இருக்கு. அப்புறமும் ஏன் மனுஷனை இறக்குறீங்க?

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தெருவுல, உங்க அடுக்குமாடியில செப்டிக் டேங்க்குக்குள்ள ஆளை இறக்கினா வேடிக்கை பார்க்காதீங்க. தடுத்து நிறுத்துங்க. 14420 எண்ணுக்குப் பேசுங்க. குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைக்குறார்னு நம்ம வீட்டுக்கும் கூப்பிடாதீங்க, லாரியைக் கூப்பிடுங்க.

சாக்கடையைச் சுற்றிப் பார்க்கிற வசதி நமக்கு அப்புறம் வரட்டும். முதல்ல, அதுக்குள்ள ஒரு உயிரும் போகக் கூடாது!



#மலக்குழி_மரணங்களை_நிறுத்து