கல்லாச் சாவியைக் கொடுக்காதீர்கள்

(பொன்விழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

  

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தாவின் கடையைப் பார்த்துக்கொள்பவன் நான். "உங்கள் மருமகன் படிக்கிற கதையைச் சொல்லுங்கள்" என்று கல்விக் குழுவினர் கேட்டார்கள். அதில் என் தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் அக்காவை ஊரில், இராமநாதபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அவள் மகன் இங்கே பிசியோதெரபி படிக்க அனைத்துலக மாணவனாக வந்தான். நான்காண்டுப் பட்டப்படிப்பு. இப்போது மூன்றாம் ஆண்டு.

ஊரிலிருந்து பையன் வருகிறான் என்றால் கடைக்கு வருகிறான் என்றுதான் நமக்குப் பழக்கம். முதல் ஆண்டு பெருநாள் வியாபார நேரத்தில் அவனைக் கல்லாவில் உட்கார வைத்தேன். "மாமு, வகுப்பு இருக்கு" என்பான். "ஒரு நாள்தானேப்பா" என்பேன். அந்த ஒரு நாள் பல நாளாயிற்று. பல்கலைக்கழகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதன் பிறகுதான் விதிகளைப் படித்தேன். மாணவர் பாஸைப் புதுப்பிக்க வருகை 80 விழுக்காடு வேண்டும். மதிப்பெண் சராசரி 2.0-க்குக் குறையக்கூடாது. வேலை செய்வதென்றால், ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம், பல்கலைக்கழகம் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி பெற்று, உணவகம், மினி மார்க்கெட் போன்ற சில இடங்களில் செய்யலாம். அங்கேயும் கல்லாவில் உட்காரக்கூடாது. நகையை விற்று அக்கா அனுப்பிய பிள்ளையை நானே ஊருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

அவன் படிப்பையும் நான் குறைவாகவே நினைத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதுவும் அப்படித்தான் என்றிருந்தேன். தொடக்கம் அப்படித்தான். 1894-ல் லண்டனில் நான்கு தாதியர் மசாஜ் செய்வோருக்காக அமைத்த சங்கமே பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி சங்கமானது. ஆனால் இன்று உடற்கூறு, நரம்பு, தசை, இதயம், நுரையீரல் எல்லாம் படித்து, மருத்துவமனை வார்டுகளில் மாதக்கணக்கில் பயிற்சியும் எடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு கிள்ளான் வீட்டில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் எண்ணெய் தேய்க்க ஆள் தேடினோம். மருமகன் தடுத்தான். "நன்னாவை ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகணும், மாமு. நான் மாணவன். நானா சிகிச்சை கொடுக்கக்கூடாது" என்றான். அங்கே கற்றுத்தந்த பயிற்சியை வீட்டில் பக்கத்திலேயே நின்று செய்யவைத்தான். நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, மறுபடி எழுவது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அந்த வேலையை மறுபடி கற்றுக்கொள்ளும் என்றான். இன்று அத்தா கைத்தடியோடு ஜும்ஆவுக்கு நடந்து போகிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பதிவு செய்தவர்தான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கலாம். இந்தியாவும் 2021-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆகவே இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பினாலும் அங்கிருந்து இங்கே அழைத்தாலும், பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். படிக்கும் நாட்டில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? வேலை பார்க்கப்போகும் நாட்டில் இந்தப் பட்டத்தைப் பதிவு செய்வார்களா? பதிலை ஏஜெண்ட் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கடைக்காரர்களே, படிக்க வந்த பிள்ளைக்குச் சோறு போடுங்கள். கல்லாச் சாவியைக் கொடுக்காதீர்கள். சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை மாலை நேரங்களில் மாணவர் படிக்கத் திறந்துவிடும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மேசை நாற்காலி என் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.