சாய்ந்து கிடந்த எல்ம் மரம்



இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலையும் பறவையையும் பாடிய ஆங்கிலக் கவிஞர்கள் மீது ஒரு பழி உண்டு. உலகம் எரிந்தபோது இவர்கள் கிராமத்து நிழலில் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பார்கள். 1912 முதல் 1922 வரை எட்வர்ட் மார்ஷ் ஐந்து தொகுதிகளாகத் தொகுத்த ஜார்ஜியக் கவிதைகளில் சிலவற்றுக்கு அது பொருந்தும், நான் மறுக்கவில்லை. ஆனால் எட்வர்ட் தாமஸை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்! மார்ஷின் தொகுதிகளில் அவருடைய கவிதை ஒன்றுகூட இல்லை.

தாமஸ் லண்டனில் பிறந்தவர். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் காப்பாற்ற மதிப்புரையும் பயண நூலும் ஓயாமல் எழுதியவர். தென்னிங்கிலாந்தை நடந்து நடந்தே அறிந்தவர். உங்கள் உரைநடைக்குள்ளேயே கவிதை இருக்கிறது என்று நண்பர் ராபர்ட் ஃப்ராஸ்ட் தூண்டிய பிறகு, 1914 டிசம்பரில்தான், 36 வயதில், கவிதை எழுதத் தொடங்கினார். அடுத்த ஜூலையில் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார்.

1916இல் அவர் எழுதிய கவிதை ஒன்றில் ஓர் உழவன் குதிரை பூட்டி உழுகிறான். பனிப்புயலில் சாய்ந்த எல்ம் மரத்தின் மேல் கவிஞர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு சால் திரும்பும்போதும் உழவன் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறான்; மறுபடி ஏரோடு போய்விடுகிறான். மரத்தை எப்போது அகற்றுவீர்கள் என்ற கேள்விக்கு, போர் முடியட்டும் என்கிறான். கூட வேலை செய்தவன் பிரான்சுக்குப் போன இரண்டாம் நாளே இறந்துவிட்டான். புயல் அடித்த அதே இரவில்! அவன் இருந்திருந்தால் மரத்தை எப்போதோ நகர்த்தியிருப்பார்களாம்.

இதில் பீரங்கி இல்லை, பதுங்குகுழி இல்லை. ஆள் இல்லாததால் ஒரு மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. போர் ஒரு கிராமத்துக்கு என்ன செய்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கவிதையை நான் படித்ததில்லை. இதையா ஒதுங்கல் என்பது?

1917 ஏப்ரல் 9 அன்று அராஸ் போர்முனையில் தாமஸ் கொல்லப்பட்டார். எட்வர்ட் ஈஸ்ட்அவே என்ற புனைபெயரோடு அவருடைய கவிதை நூல் அதே ஆண்டு வெளிவந்தது; அவர் பார்க்கவில்லை.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இந்தக் கவிதையை இருவர் வாசிக்க வேண்டும். ஒருவர் உழவனாக, மற்றவர் மரத்தின் மேல் அமர்ந்தவராக. உழவனின் குரலுக்கு நான் வருகிறேன்.