தொப்புள்கொடிக் குருதி



ஊர்கள் பலவற்றில் பேறுகாலம் பார்த்து, தொப்புள்கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைப் புதைத்தவர்கள் நம் பாட்டிமார்களே. தீட்டென்று ஒதுங்கி நின்றோர் பிறர். அத்தீட்டுக்குள் இருந்ததைப் பற்றியே இன்று நாம் பேச விழைகிறோம்.

கொடியில் எஞ்சும் குருதியில், எலும்பு மஜ்ஜையில் உள்ளவை போன்ற குருத்தணுக்கள் உள. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றையும் ஈன்று தருபவை அவையே. 1988 அக்டோபரில், பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில், ஃபான்கோனி சோகை என்னும் பரம்பரை நோயுற்ற அமெரிக்கச் சிறுவனுக்கு, பிறந்த தங்கையின் கொடிக் குருதியை டாக்டர் எலியான் குளுக்மன் செலுத்தினார். அமெரிக்காவில் சேகரித்து உறையவைத்த குருதி அது. சிறுவன் பிழைத்தான்.

கொடியை அறுத்தபின், அதன் சிரையில் ஊசி செலுத்தி, உறைவு தடுக்கும் மருந்திட்ட பையில் குருதியை வடிப்பர். தாய்க்கோ சேய்க்கோ வலியில்லை. கிடைப்பது பெரும்பாலும் 100 மில்லி லிட்டருக்கும் குறைவே. ஆதலால் பெரியவர்களுக்கு ஒரு பை போதாமற் போவதுண்டு. இதற்கென அவசரப்பட்டுக் கொடியை அறுத்தல் ஆகாது. ஒரு நிமிடமேனும் பொறுத்து அறுக்க வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்நேரத்தில் பாயும் குருதி குழந்தைக்கு இரும்புச்சத்து. சோகை மலிந்த நம் வீடுகளில் அது சிறிதன்று.

பின்னர் ஒருவகை மாவுச்சத்துக் கரைசலைக் கலக்க, சிவப்பணுக்கள் திரண்டு அடியில் படியும். சுழற்பொறியில் இட்டுச் சுழற்றி, குருத்தணுக்கள் உள்ள வெள்ளணுப் பகுதியை மட்டும் பிரித்தெடுப்பர். மோர் கடைந்து வெண்ணெய் திரட்டுவது போன்றதே. பனித்துகள்கள் அணுக்களைக் கிழிக்காதிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்னும் மருந்து சேர்த்து, நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 பாகையாக மெல்லக் குளிர்வித்து, −196 பாகையுள்ள திரவ நைட்ரஜனில் வைப்பர்.

இனி ஒரு செய்தி. கருவுற்ற பெண்களிடம், "உங்கள் குழந்தைக்கே பிற்காலத்தில் உதவும்" என்று கூறித் தனியார் சேமிப்புக்குப் பணம் கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டுவோரும் உளர். தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், அக்குழந்தையின் சொந்தக் குருதியிலும் அதே குறை இருக்குமன்றோ? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இவ்வணிகச் சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை. பொது வங்கிக்கு அளிப்பது தானம், அதற்குக் கட்டணமில்லை.

வீட்டில் முன்பே அத்தகைய நோயுற்ற பிள்ளை இருப்பின் நிலை வேறு. உடன்பிறந்தார் இருவருக்குத் திசு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வீட்டார் அடுத்த பேற்றுக்கு முன்பே அரசு மருத்துவரிடம் சொல்லிவைத்தல் வேண்டும்.