பிறந்த தேதியும் உபகாரச் சம்பளமும்
(அம்பத்தூரில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஜோசியன் பிறந்த நேரத்தைக் கேட்டுப் பிள்ளையின் தலைவிதியைச் சொல்லுகிறான், நாம் சிரிக்கிறோம். அதே காரியத்தைச் சட்டம் செய்யும்போது மட்டும் நாம் வாய்மூடிக் கொண்டிருப்பதேன்?

இங்கிருந்து சிறிது தூரத்தில் புழலிலும், அப்பால் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-ஆம் வருஷக் கலவரத்திலிருந்து 3 லட்சம் பேருக்கு மேல் இக்கரை வந்தார்கள். 2021-இல் சுமார் 58,000 பேர் முகாம்களில் இருந்ததாகச் சர்க்காரே சட்டசபையில் சொல்லிற்று. அவர்களில் பல பிள்ளைகள் இலங்கையைக் கண்ணாலும் கண்டதில்லை. இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பரீட்சையில் தேறியவர்கள்.

கலாசாலை வாசலுக்கு வந்ததும்தான் வித்தியாசம் முளைக்கிறது. மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்திற்கு மனுப் போட்டால், “நீ இந்தியப் பிரஜையா?” என்கிறார்கள். இல்லையென்றால், மார்க்கு எவ்வளவு, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பாரில்லை.

பிரஜையென்று எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் நிபந்தனை இன்னும் கடுமை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 2022-இல் ஹைகோர்ட்டு மதுரைக் கிளையில் தாம் பிரஜையே என்று தீர்ப்புப் பெற்றார். இரண்டு வருஷம் பிந்தி, அதே முகாமில், அகதித் தாய் தகப்பனுக்குப் பிறந்தவருக்கு அந்த வாதம் செல்லாது. இது ஜாதகமா, சட்டமா?

ஜோசியனாவது பரிகாரம் சொல்லுவான். 2019-ஆம் வருஷத் திருத்தத்தில் மூன்று தேசங்களையும் ஆறு மதங்களையும் எழுதினவர்கள் இலங்கையை எழுதவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட்டில்லாக் குற்றத்திற்குத் தண்டனையில்லை என்று 2025-இல் உத்தரவு வந்தது. தண்டனையில்லை என்பது வேறு. பிரஜை என்பது வேறு.

நிற்க, தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. அதில் பொறியியல் படிப்பில் முதல் 50 பேருக்கும், விவசாயப் படிப்பில் முதல் 5 பேருக்கும், முதுகலை படிப்போர் எல்லோருக்கும் கட்டணத்தைத் தானே ஏற்பதாகச் சொல்லிற்று. மற்றவர்களுக்கு உதவித்தொகையை உயர்த்திற்று. பாராட்டுகிறோம். ஆனால் 51-வது பிள்ளை செய்த குற்றமென்ன?

“பிரஜா உரிமை நம் கையில் இல்லையே” என்பார்கள். காலிபோர்னியா ராஜ்யத்தின் கையிலும் அது இல்லை. ஆயினும் அங்கே பள்ளியில் படித்த, காகிதமில்லாத பிள்ளைகளும் ராஜ்யத்தின் கலாசாலை உதவிக்கு மனுப் போடலாமென்று 2011-இல் சட்டம் செய்தார்கள். தன் பெட்டிப் பணத்தைக் கொடுக்க எவனுடைய உத்தரவு வேண்டும்?

தோழர்களே! நம் வீட்டுச் சுவருக்கு வர்ணமடிக்க முகாம்காரரைக் கூப்பிடும்போது நாம் பிறப்புச் சீட்டுக் கேட்பதில்லை. அவர் மகன் படிக்கப்போகும்போது மட்டும் ஏன் கேட்பது? ஆகவே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாலிபர்களுக்கு இரண்டு வேலை. பரீட்சை முடிவு வந்த வாரமே முகாமுக்குப் போய் மனு எழுதிக் கொடுங்கள். அந்த 50 என்னும் எண்ணை எடுக்கும்படி உங்கள் சட்டசபை அங்கத்தினரை விடாமல் கேளுங்கள். ஓட்டில்லாதவர் கேட்டால் அவர் காதில் ஏறாது. ஓட்டுள்ள நாம் கேட்டால் ஏறும்.